அறுவடைக்கே நேரில் போகும் பீர் தயாரிப்பாளர்கள்: ஹாப்ஸை கையில் கசக்கி முகர்ந்து வாங்குவது ஏன்? காசிமேட்டு கணக்கோடு ஒரு விளக்கம்

காசிமேட்டில் மீன் வாங்கப் போறவங்க முதலில் தராசைப் பார்க்க மாட்டாங்க. செவுளைத் தூக்கிப் பார்ப்பாங்க. கண் தெளிவா இருக்கான்னு பார்ப்பாங்க. விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பாங்க. அதுக்கு அப்புறம்தான் விலை பேச்சு. வஞ்சிரம் என்ற பெயர் மட்டும் போதாது, இன்னிக்கு வந்த இந்த வஞ்சிரம் எப்படி இருக்கு என்பதுதான் கேள்வி.

கிட்டத்தட்ட இதே வேலைக்காக, சிறிய அளவில் பீர் தயாரிக்கும் 'கிராஃப்ட் ப்ரூவர்'கள் ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு போகிறார்கள். அவர்கள் தேடிப் போவது ஹாப்ஸ் என்ற ஒரு பூவை.

லேப் ரிப்போர்ட், கூரியர், வீடியோ கால் எல்லாம் இருக்கும் காலத்தில் எதற்கு இந்தப் பயணம்? இதில் விவசாயிக்கு என்ன கிடைக்கிறது? நம்ம இமயமலையில் விளைந்த ஹாப்ஸ் ஏன் காணாமல் போனது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஹாப்ஸ் என்றால் என்ன?

பீருக்கு அடிப்படைப் பொருட்கள் 4. தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி (மால்ட்), ஈஸ்ட், ஹாப்ஸ். மால்ட் இனிப்பையும் நிறத்தையும் கொடுக்கும். ஈஸ்ட் அந்த இனிப்பை ஆல்கஹாலாக மாற்றும். கசப்பும் மணமும் ஹாப்ஸின் பொறுப்பு.

ஹாப்ஸ் ஒரு கொடி. கஞ்சா செடி இருக்கும் அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் இதில் போதை கிடையாது. ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி. பெண் கொடியில் காய்க்கும் பச்சை நிறக் கூம்புப் பூக்களைத்தான் பீருக்குப் பயன்படுத்துகிறார்கள். பூ பார்க்க சின்ன தாழம்பூ மொட்டு மாதிரி, இதழ் மேல் இதழாக அடுக்கியிருக்கும். அதைப் பிரித்தால் உள்ளே மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். அதன் பெயர் லுபுலின். மொத்த விஷயமும் அந்தத் தூளில்தான் இருக்கிறது.

லுபுலினில் இரண்டு முக்கியமான பொருட்கள்:

• ஆல்ஃபா அமிலம்: கொதிக்க வைக்கும்போது உருமாறி கசப்பைத் தரும். பீரைக் கெடுக்கும் சில பாக்டீரியாக்களையும் கட்டுப்படுத்தும்.

• வாசனை எண்ணெய்கள்: எலுமிச்சை, மாம்பழம், பைன் மரம், மிளகு, பூ என்று ரகத்துக்கு ரகம் மாறும் மணம் இதிலிருந்துதான் வருகிறது.

சாதாரண லாகர் பீருக்கு லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் ஹாப்ஸ் போதும். ஐபிஏ மாதிரியான கிராஃப்ட் பீர்களுக்கு அதைப்போல பல மடங்கு தேவை. அங்கே மணம்தான் சரக்கு. அதனால்தான் பெரிய கம்பெனிகளைவிட சிறிய தயாரிப்பாளர்கள் ஹாப்ஸ் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள்.

எங்கே விளைகிறது? ஊட்டியில் வளராதா?

உலக ஹாப்ஸ் உற்பத்தியில் பெரும்பகுதி அமெரிக்கா, ஜெர்மனி என்ற இரண்டே நாடுகளில் இருந்து வருகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா பள்ளத்தாக்கு முதன்மையான இடம். ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தின் ஹாலர்டாவ் பகுதி. செக் நாட்டின் ஜாட்டெட்ஸ் நகரமும் அதைச் சுற்றியுள்ள ஹாப்ஸ் வயல்களும் 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவிலும் விளைகிறது. அங்கே பருவம் தலைகீழ் என்பதால் அறுவடை பிப்ரவரி, மார்ச் வாக்கில்.

'குளிர்தானே வேணும், ஊட்டி, கொடைக்கானலில் போட்டா வராதா?' என்று கேட்கலாம். குளிர் மட்டும் பத்தாது. கோடையில் பகல் நீளமாக இருக்க வேண்டும். யாகிமாவில் ஜூன் மாதத்தில் பகல் பொழுது 15 மணி நேரத்துக்கு மேல். ஊட்டியில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. பகல் சுருங்கினால் கொடி முழு உயரம் வளர்வதற்கு முன்பே பூக்கத் தொடங்கிவிடும். விளைச்சல் படுத்துவிடும். அதனால் நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 35 முதல் 55 டிகிரி அட்சரேகைக்குள் இருக்கும் ஊர்களே ஹாப்ஸுக்கு வசதியானவை.

ஒரே ரகம்தானே, எதுக்கு தேர்வு?

இதுதான் மையக் கேள்வி. கேஸ்கேட், சிட்ரா, மொசைக், சாஸ் என்று ஹாப்ஸில் நிறைய ரகங்கள் இருக்கின்றன. கேஸ்கேட் 1972-ல் அமெரிக்காவில் வெளியான ரகம். கிராஃப்ட் பீர் அலைக்கு அடித்தளம் போட்டதே அதுதான் என்று சொல்லலாம்.

'சிட்ரா 500 கிலோ' என்று ஆர்டர் போட்டால் வந்து சேர வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ஒரே ரகம், ஒரே ஆண்டு, பக்கத்துப் பக்கத்துத் தோட்டமாக இருந்தாலும் மணம் ஒரே மாதிரி இருக்காது. காரணங்கள் பல.

• பறித்த நாள்: சீக்கிரம் பறித்தால் பச்சைப் புல் வாசனை தூக்கலாக இருக்கும். நாள் தள்ளிப் பறித்தால் பழ வாசனை கூடும். ரொம்பத் தள்ளிப்போனால் வெங்காயம், பூண்டு வாசனை வந்துவிடும். ஒரு ரகத்துக்கு நல்ல பதம் இருப்பது சுமார் ஒரு வாரம், பத்து நாள்தான்.

• மண்ணும் தண்ணீரும்: தோட்டத்தின் உயரம், பாசனம், உரம் எல்லாமே மணத்தில் தெரியும்.

• உலர்த்திய விதம்: பறிக்கும்போது பூவில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம்தான். அதை சூடான காற்றில் உலர்த்தி 10 சதவீதம் வாக்கில் கொண்டுவர வேண்டும். சூடு அதிகமானால் வாசனை எண்ணெய் ஆவியாகிவிடும். ஈரம் மிச்சம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

மதுரை மல்லியை உதாரணத்துக்கு எடுத்துக்கலாம். காலையில் மொட்டாகப் பறித்ததும் மதியம் பறித்ததும் ஒரே விலைக்குப் போகுமா? பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு.

அறுவடை நாட்களில் என்ன நடக்கும்?

ஹாப்ஸ் கொடி 5, 6 மீட்டர் உயரக் கம்பிப் பந்தலில் ஏறி நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் அறுவடை தொடங்கும். கொடியை மேலேயும் கீழேயும் வெட்டி, லாரியில் போட்டு, இயந்திரத்துக்குக் கொண்டுபோவார்கள். இயந்திரம் பூவைத் தனியே, இலையையும் தண்டையும் தனியே பிரிக்கும். பூ நேராக உலர்த்தும் கூடத்துக்குப் போகும். அங்கே பல மணி நேரம் சூடான காற்று. பிறகு ஆறவைத்து, அழுத்தி, பெரிய பொதிகளாகக் கட்டுவார்கள். அமெரிக்காவில் ஒரு பொதி 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ.

பறித்த பச்சைப் பூ ஒரு நாளுக்கு மேல் தாங்காது. அதனால் அறுவடைக் காலத்தில் தோட்டங்களில் இரவு பகல் என்ற பேச்சே கிடையாது. சில ப்ரூவர்கள் அந்தப் பச்சைப் பூவையே உடனடியாக எடுத்துக்கொண்டு போய், 24 மணி நேரத்துக்குள் காய்ச்சி 'அறுவடை பீர்' தயாரிப்பதும் உண்டு. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா நிறுவனம் 1996-ல் இப்படி ஒரு பீரைக் கொண்டுவந்த பிறகு இது அமெரிக்காவில் பரவலானது.

தேர்வு மேசையில் என்னென்ன பார்ப்பார்கள்?

உலர்த்திக் கட்டிய பொதிகளை 'லாட்' என்று பிரித்து எண் கொடுப்பார்கள். ஒரு லாட் என்பது ஒரே தோட்டத்தில், ஒரே ரகத்தில், ஒரே வாக்கில் பறித்து உலர்த்திய சரக்கு. வெளியூரிலிருந்து வரும் ப்ரூவரை ஒரு மேசையில் உட்கார வைப்பார்கள். அவர் ஒப்பந்தம் போட்ட ரகத்தில் நாலைந்து லாட்களின் மாதிரிகள் அவர் முன்னால் வரும். பொதியில் இருந்து செங்கல் மாதிரி வெட்டி எடுத்த துண்டுகள் அவை. பல இடங்களில் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று முதலில் சொல்ல மாட்டார்கள். எண் மட்டும்தான் இருக்கும்.

அப்புறம் நடப்பது இதுதான்:

1. கண்ணால் பார்ப்பது. பூ பச்சையாக இருக்கிறதா, காற்றில் அடிபட்டு பழுப்பாகிவிட்டதா? இலை, தண்டு கலந்திருக்கிறதா? உதிர்ந்து போயிருக்கிறதா?

2. பூவைப் பிரிப்பது. உள்ளே இருக்கும் லுபுலின் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கிறதா, மங்கி ஆரஞ்சாக மாறிவிட்டதா?

3. கசக்குவது. ஒரு கைப்பிடி எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து சூடு வரும்வரை தேய்ப்பார்கள். அந்தச் சூட்டில் எண்ணெய்ப் பைகள் உடைந்து மணம் எழும்பும். கை முழுக்க மஞ்சள் பிசின் ஒட்டும்.

4. முகர்வது. மூக்கை உள்ளங்கைக்குள் புதைத்து இழுப்பார்கள். என்ன வாசனை என்று எழுதுவார்கள். பிறகு அடுத்த லாட்.

5. வரிசைப்படுத்துவது. முதல் இடம், இரண்டாம் இடம், வேண்டவே வேண்டாம் என்று பட்டியல் போடுவார்கள்.

இந்த அறைக்கு சென்ட் போட்டுக்கொண்டு வரக்கூடாது. வாசனை சோப்பும் கூடாது. நாள் முழுக்க முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும் என்பதால் நடுவில் வெளிக்காற்றுக்குப் போய்வருவார்கள்.

தேர்வான லாட் அந்த ப்ரூவரின் பெயரில் ஒதுக்கப்படும். பிறகு அதைத் தூளாக்கி, சின்னச் சின்ன குச்சித் துண்டுகளாக அழுத்தி, காற்றுப் புகாத உறையில் அடைத்து, குளிர்பதனக் கிடங்கில் வைப்பார்கள். அதிலிருந்து ஆண்டு முழுக்க பீர் போகும். அதாவது, செப்டம்பரில் ஒரு நாள் எடுக்கும் முடிவுதான் அடுத்த 12 மாதத்துக்கு அந்தக் கம்பெனி பீரின் மணம்.

லேப் ரிப்போர்ட் போதாதா?

ஒவ்வொரு லாட்டுக்கும் ரிப்போர்ட் உண்டு. ஆல்ஃபா அமிலம் எத்தனை சதவீதம், 100 கிராமுக்கு எத்தனை மில்லி எண்ணெய், சரக்கு எவ்வளவு பழசாகியிருக்கிறது என்ற குறியீடு, எல்லாம் அதில் இருக்கும். கசப்பைக் கணக்குப் போட இது போதும்.

மணத்துக்குப் போதாது. ஹாப்ஸ் எண்ணெயில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருட்கள் இருக்கின்றன. சில பொருட்கள் மிக மிகக் குறைந்த அளவில் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். இரண்டு லாட்டுக்கும் எண்ணெய் அளவு ஒன்றாகவே இருக்கும். ஒன்று மாம்பழம் மாதிரியும் இன்னொன்று பூண்டு மாதிரியும் மணக்கும். இதை ரிப்போர்ட்டில் உள்ள ஒரு எண் சொல்லாது.

2020-ல் கோவிட் காரணமாகப் பயணம் நின்றபோது மாதிரிகளைக் கூரியரில் அனுப்பி, வீடியோ காலில் பேசித் தேர்வு செய்தார்கள். வேலை நடந்தது. இப்போதும் வர முடியாதவர்களுக்கு அந்த வழி இருக்கிறது. ஆனாலும் பாதை திறந்ததும் ப்ரூவர்கள் திரும்ப விமானம் ஏறினார்கள். காரணம், மாதிரியைக் கூரியரில் அனுப்பலாம், தோட்டத்தை அனுப்ப முடியாது.

விவசாயிக்கு இதில் என்ன கிடைக்கிறது?

பெரும்பாலான ஹாப்ஸ் தோட்டக்காரர்களுக்கு முன்பெல்லாம் தங்கள் பூ எந்த பீருக்குப் போகிறது என்றே தெரியாது. வியாபாரி வாங்குவார், கலப்பார், விற்பார். விலை ஆல்ஃபா அமிலத்தைப் பொறுத்து இருக்கும். ப்ரூவர் நேரில் வர ஆரம்பித்த பிறகு பேச்சு மாறியது.

'உங்க 3-ம் நம்பர் லாட் பிரமாதம், எந்த தேதியில் பறிச்சீங்க?' என்று கேட்டால் தோட்டக்காரர் குறித்து வைத்துக்கொள்வார். அடுத்த ஆண்டு அந்தப் பதத்தில் பறிக்கப் பார்ப்பார். 'இதில் புகை வாசனை அடிக்குது' என்றால் உலர்த்தும் கூடத்தைப் போய்ப் பார்ப்பார். வெறும் எடைக்கும் கசப்புக்கும் விளைவித்தவர், மணத்துக்காக விளைவிக்கக் கற்றுக்கொள்கிறார்.

இன்னொன்று, ஒருவர் வேண்டாம் என்ற லாட் குப்பைக்குப் போகாது. ஒருத்தருக்குப் பிடிக்காத மிளகு மணம் இன்னொருத்தருக்கு முதல் தேர்வாக இருக்கும். விலையும் அளவும் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் முன்பே முடிவாகியிருக்கும். எந்த லாட் யாருக்கு என்பதுதான் மேசையில் முடிவாகிறது.

எல்லா சிறு தயாரிப்பாளருக்கும் இந்த வாய்ப்பு உண்டா?

இல்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒப்பந்தம் போட்டவர்களுக்குத்தான் லாட் தேர்வு செய்யும் உரிமை. ஒப்பந்தம் பல நேரங்களில் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு. சின்ன அளவில் வாங்குபவர்களுக்கு வியாபாரி பல லாட்களைக் கலந்து தயாரித்த சரக்குதான் கிடைக்கும். ஒப்பந்தமே போடாதவர்கள் அன்றைய சந்தை விலைக்கு வாங்க வேண்டும்.

அந்தச் சந்தை கைவிட்டால் என்ன ஆகும் என்பது 2007, 2008-ல் தெரிந்தது. பல ஆண்டுகள் விலை கிடைக்காமல் விவசாயிகள் ஹாப்ஸ் பரப்பைக் குறைத்திருந்தார்கள். 2006 அக்டோபரில் யாகிமாவில் ஒரு பெரிய ஹாப்ஸ் கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. ஐரோப்பாவிலும் விளைச்சல் சரியில்லை. விலை பல மடங்கு ஏறியது. ஒப்பந்தம் இல்லாத சிறு ப்ரூவர்களுக்குக் காசு கொடுத்தாலும் சரக்கு இல்லை. அப்போது பாஸ்டன் பீர் என்ற நிறுவனம் தன்னிடம் இருந்த ஹாப்ஸில் 20,000 பவுண்டை வாங்கிய விலைக்கே சிறு தயாரிப்பாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் சின்ன கம்பெனிகளும் ஒப்பந்தம், நேரடித் தொடர்பு என்று தீவிரமாக இறங்கின.

இப்போது நிலைமை நேர் எதிர். கிராஃப்ட் பீர் விற்பனை மந்தமானதால் கிடங்குகளில் ஹாப்ஸ் தேங்கி, அமெரிக்காவில் சில ஆண்டுகளாக விவசாயிகள் பரப்பைக் குறைத்து வருகிறார்கள்.

காசிமேட்டோடு ஒப்பிட்டால்?

ஒற்றுமை நிறைய உண்டு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் களைகட்டிவிடும். மொத்த வியாபாரி, ஓட்டல்காரர், கூடையில் எடுத்துப்போய் தெருவில் விற்கும் அம்மாக்கள் என எல்லோரும் நேரில் வந்து நிற்கிறார்கள். மீன் வந்த படகையும் தெரியும், படகுக்காரரையும் தெரியும். யார் ஐஸ் சரியாகப் போடுவார், யார் சரக்கு எத்தனை நாள் கடலில் இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். எந்த ரிப்போர்ட்டும் இல்லாமல் ஒரு நிமிடத்தில் தரம் சொல்லிவிடுவார்கள்.

வேறுபாடும் இருக்கிறது.

• ஹாப்ஸ் தேர்வு ஆண்டுக்கு ஒரு முறை. மீன் தேர்வு தினமும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மட்டும் விசைப்படகுகள் கரையில் நிற்கும்.

• ஹாப்ஸ் விவசாயிக்கு விலை முன்பே தெரியும். காசிமேட்டு மீனவருக்கு ஏலம் கூவும்போதுதான் தெரியும். டீசல், ஐஸ், ஆள் கூலி எல்லாம் அதற்கு முன்பே செலவாகியிருக்கும்.

• ஹாப்ஸில் வேண்டாம் என்று சொன்ன லாட் குளிர்கிடங்கில் காத்திருக்கலாம். மீன் காத்திருக்காது.

வாங்குபவர் நேரில் வருவது எவ்வளவு முக்கியம் என்பதை வடசென்னை வேறு விதத்தில் அனுபவித்திருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மீன் எங்கே பிடித்ததாக இருந்தாலும் வாங்க வந்தவர்கள் தயங்கினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது படகு, வலை எல்லாம் கறுப்பாகிப் போய், எண்ணூர் மீனவர்களின் பிழைப்பே நின்றது. சரக்கின் தரம் ஒரு பக்கம். 'நம்பி வாங்கலாம்' என்று ஒரு ஆள் வந்து நிற்பது இன்னொரு பக்கம். இரண்டாவது போனால் முதலாவது இருந்தும் பயன் இல்லை.

ஹாப்ஸுக்கும் மெட்ராஸுக்கும் பழைய தொடர்பு

ஹாப்ஸ் இங்கே விளையவில்லை என்றாலும் இந்தக் கரைக்கு அது வந்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் லண்டனிலிருந்து கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய்க்கு பீப்பாய் பீப்பாயாக பீர் வந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு வரும் அந்தப் பயணத்துக்கு நாலைந்து மாதம் பிடிக்கும். வெப்ப நாட்டுக்குப் போகும் பீரில் கூடுதலாக ஹாப்ஸ் போட வேண்டும் என்பது 18-ம் நூற்றாண்டிலேயே லண்டன் தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது. கெடாமல் தடுக்கும் ஹாப்ஸின் குணம்தான் காரணம். அந்த வகை பீருக்குப் பின்னாளில் 'இந்தியா பேல் ஏல்' என்று பெயர் வந்தது. இன்று கிராஃப்ட் பீர் உலகில் கொடிகட்டிப் பறக்கும் ஐபிஏ என்பதன் விரிவாக்கம் இதுதான்.

அப்போது சென்னைக்கு துறைமுகமே இல்லை. செயற்கைத் துறைமுகம் கட்டும் வேலை 1870-களின் நடுவில்தான் தொடங்கியது. அதுவரை கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் நம்ம கரையோர மக்கள் அலையைக் கிழித்துப் போய் சரக்கை இறக்கி வருவார்கள். அந்தச் சரக்கில் பீர் பீப்பாய்களும் அடக்கம்.

அந்தப் பக்கமும் இதே மாதிரி மக்கள்தான். இந்தியாவுக்கு பீர் அனுப்பிப் பெயர் வாங்கிய ஹாட்ஜ்சனின் ஆலை இருந்தது கிழக்கு லண்டனின் போ பகுதியில். கப்பல்துறையும் தொழிற்சாலையும் தொழிலாளர் குடியிருப்பும் நெருக்கியடித்த பகுதி கிழக்கு லண்டன். லண்டனின் ராயபுரம் என்று சொன்னால் தப்பில்லை. அங்கிருந்த உழைக்கும் குடும்பங்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் பிள்ளைகுட்டிகளோடு கென்ட் மாவட்டத்துக்கு ஹாப்ஸ் பறிக்கப் போவார்கள். கூலி வேலைதான். ஆனால் புகையும் நெரிசலும் இல்லாத சில வாரங்கள் என்பதால் அதையே விடுமுறையாக நினைத்தார்கள். 1950, 60-களில் பறிக்கும் இயந்திரம் வந்த பிறகு அந்தப் பழக்கம் மறைந்தது.

இந்தியாவில் ஹாப்ஸ் விளைந்ததே, என்ன ஆச்சு?

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஷ்மீரில் ஹாப்ஸ் பயிரிட்டுப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. பிறகு 1970-களில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹவுல் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் வந்தது. சுமார் 3,000 மீட்டர் உயரம், கடும் குளிர்காலம், நீண்ட கோடைப் பகல் என்று பயிருக்கு ஏற்ற இடம். இந்தியாவில் வணிகரீதியாக ஹாப்ஸ் விளைந்த இடம் என்றாலே லாஹவுல்தான்.

பயிர் வந்தது, சந்தை நிலைக்கவில்லை. ஆலைகள் வெளிநாட்டிலிருந்து வரும் ஹாப்ஸ் பக்கம் சாய்ந்தன. ரோதங் கணவாய் பனியில் மூடினால் மாதக்கணக்கில் வெளி உலகத் தொடர்பே இல்லாத பள்ளத்தாக்கு அது. இருக்கும் கொஞ்ச நாள் கோடையில் நிச்சயமாகக் காசு தரும் பயிர்தான் விவசாயிக்கு வேண்டும். பட்டாணி, உருளைக்கிழங்கு, காலிஃப்ளவர் என்று மாறிவிட்டார்கள். ஹாப்ஸ் பரப்பு சுருங்கிப் போனது.

இன்று பெங்களூரு, புனே, மும்பை, குருகிராம் என்று இந்தியாவில் மைக்ரோ ப்ரூவரிகள் நிறைய வந்துவிட்டன. பார்லி மால்ட் இங்கேயே கிடைக்கிறது. ஹாப்ஸ் மட்டும் பெரும்பாலும் இறக்குமதிதான். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு மணாலியிலிருந்து லாஹவுலுக்கு இப்போது சீக்கிரமே போய்விடலாம். பாதை வந்துவிட்டது. அங்கே போய் பூவைக் கையில் கசக்கிப் பார்த்து, 'அடுத்த மூணு வருஷத்துக்கு நாங்க வாங்கிக்கிறோம்' என்று சொல்ல ஆள் வந்தால்தான் பயிர் திரும்பும். யாகிமா விவசாயிக்கும் லாஹவுல் விவசாயிக்கும் இடையிலான பெரிய வித்தியாசம் அந்த ஆள்தான்.

இனிமேல் என்ன?

ஹாப்ஸுக்கு அடுத்த பெரிய சவால் வெயில். 2022-ல் ஐரோப்பாவில் அடித்த வெப்ப அலையும் வறட்சியும் ஜெர்மனி, செக் விளைச்சலைக் கடுமையாகப் பாதித்தன. ஐரோப்பாவின் முக்கிய ஹாப்ஸ் பகுதிகளில் 2050-க்குள் விளைச்சல் 4 முதல் 18 சதவீதமும், ஆல்ஃபா அமிலம் 20 முதல் 31 சதவீதமும் குறையலாம் என்று 2023-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான ஆய்வு சொன்னது. வெயில் கூடக்கூட ஒரு தோட்டத்துக்கும் இன்னொரு தோட்டத்துக்கும், ஒரு ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் வித்தியாசம் கூடும். அப்போது லாட் லாட்டாகப் பார்த்து வாங்கும் தேவையும் கூடும்.

தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம். பெங்களூரு மாதிரி தெருவுக்குத் தெரு மைக்ரோ ப்ரூவரி இங்கே கிடையாது. அதனால் ஹாப்ஸ் நம்ம அன்றாட வாழ்க்கைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் விஷயம்தான். ஆனால் அதில் இருக்கும் கணக்கு நமக்குப் புதுசு இல்லை. மீனோ, மல்லியோ, மஞ்சளோ, ஹாப்ஸோ, விளைவிப்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நின்று சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது தரத்துக்கு விலை கிடைக்கிறது. இடையில் ஆள் கூடி, சரக்கு வெறும் எண்ணாகவும் எடையாகவும் மாறும்போது நல்லதும் சுமாரானதும் ஒரே விலைக்குப் போகிறது. நஷ்டம் நன்றாக விளைவித்தவருக்கு.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு. இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே.)